யூபிலி மலரில் ஒரு வரி

வன்னிப் பங்குகளின் யூபிலி விழாக் குழுவினருக்கும், யாழ்ப்பாண, மன்னார் மறைமாவட்ட ஆயர்களுக்கும், துறவற சபைகளின் மாகாணத் தலைவிகளுக்கும்,

வணக்கம்.

கிளிநொச்சியில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். அச்சகம் என்றவுடன் பெரிய மெஷின் எதையும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், அவ்வளவுதான். கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு (செத்தவரின் நினைவாக அடிக்கும் சிறு புத்தகம்), பள்ளிக்கூடச் சோதனைத் தாள், அப்புறம் உங்களுடைய மலர்கள். பக்கம் கோர்ப்பது நாங்கள். அச்சுக்கு யாழ்ப்பாணம் போகும்.

நான் சைவன். "வேதக்காரரின்ர புத்தகம் எல்லாம் உன்னட்டைத்தானே வருது" என்று அம்மா பகிடி பண்ணுவார். 'நித்திய வார்த்தைப்பாடு' என்பதைப் பிழையில்லாமல் அடிக்கத் தெரிந்த சைவன் என்று ஒரு பங்குத்தந்தை என்னை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தினார். பாமினி எழுத்துருவில் தொடங்கிய பழக்கம் அது. ஆகவே இந்த மடலை வெளியாள் ஒருவனின் தலையீடு என்று தள்ளிவிடாதீர்கள். வன்னியில் மடு மாதா கோயிலுக்குப் போகாத வீடு எத்தனை இருக்கிறது? எங்கள் சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டலம் மடு மண் இன்றைக்கும் இருக்கிறது, பாம்புக்கடிக்கு என்று.

விஷயத்துக்கு வருகிறேன். சிஸ்டர்மார் துறவுக்கு வார்த்தைப்பாடு (சத்தியம்) கொடுத்து 25, 50, 60 வருஷம் நிறையும்போது போடும் வெள்ளிவிழா, பொன்விழா, வைரவிழா மலர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு பொன்விழா மலர் கோர்த்தேன். 56 பக்கம். வேலை முடிந்த அன்றைக்குச் சும்மா எண்ணிப் பார்த்தேன். ஆசிச் செய்தியும் வாழ்த்துச் செய்தியும் 27 பக்கம். விளம்பரம் 11. நிழற்படம் 9. மீதியில் நிகழ்ச்சி நிரல், திருப்பலிப் பாடல்கள், நன்றியுரை, செயலாளரின் பேனையிலிருந்து, பொருளாளரின் உள்ளத்திலிருந்து. யாருக்காக இந்த மலரோ அந்தச் சிஸ்டரின் வாழ்க்கைக் குறிப்பு 1 பக்கம். அதிலும் பாதிப் பக்கத்துக்கு அவருடைய படம்.

அந்த 27 பக்கத்தில் எத்தனை பேருக்குச் சிஸ்டரைத் தெரியும் என்பது வேறு கதை. ஒரு செய்தியில் மூன்றாவது பத்தியில் வேறொரு சிஸ்டரின் பெயர் இருந்தது. பழைய செய்தியை எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள், ஓரிடத்தில் மாற்ற மறந்துவிட்டார்கள். நான் திருத்திவிட்டேன். யார் என்று சொல்லமாட்டேன். எனக்கு அடுத்த வருஷமும் வேலை வேண்டும்.

வாழ்க்கைக் குறிப்பு எப்போதும் ஒரே மாதிரித்தான் வரும். ஒற்றைக் கோடு போட்ட கொப்பித் தாள் ஒன்றில், சாய்ந்த எழுத்தில், சிஸ்டரே எழுதியிருப்பார். பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், சபையில் சேர்ந்த வருஷம், நவசந்நியாசம் என்ற பயிற்சிக் காலம், முதல் வார்த்தைப்பாடு, நித்திய வார்த்தைப்பாடு. பிறகு மாற்றல் பட்டியல். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரைக்கும் எந்த இடம், என்ன பொறுப்பு. விடுதி, முன்பள்ளி, மறைக்கல்வி, சிறுவர் இல்லம், முதியோர் இல்லம். கீழ்ப்படிதல் என்று ஒரு வார்த்தைப்பாடு கொடுக்கிறார்களே, அந்த ஒரு சொல் இந்தப் பட்டியலில்தான் எனக்கு விளங்கும். கடிதம் வந்திருக்கும், ஒரு பெட்டியோடு போயிருப்பார். ஐம்பது வருஷத்தில் பதினேழு இடம்.

அந்தப் பொன்விழாச் சிஸ்டரின் பட்டியலில் ஒரு வரி இப்படி இருந்தது: "2006 – 2009 தையல் வகுப்புப் பொறுப்பு, கிளிநொச்சி."

அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகக் கை வரவில்லை. 2009இல் கிளிநொச்சியில் என்ன தையல் வகுப்பு? 2008 ஒக்டோபரிலேயே ஊர் காலி. 2009 பிறந்து இரண்டாம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் கையில். போரின் கடைசி மாதங்கள் அவை. அந்த வருஷம் நாங்கள் எல்லாரும் எங்கே இருந்தோம் என்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

புரூவ் பார்க்கச் சிஸ்டரே கடைக்கு வந்தார். இன்னொரு இளம் சிஸ்டர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சந்தைக்குப் போனார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வரிவரியாகப் பார்த்தார்.

"தம்பி, ஒரு பிழை இருக்கு. முழங்காவிலிலை இரண்டு வருஷம் எண்டு கிடக்கு. ஒண்டரைதான்."

திருத்தினேன். பிறகு கேட்டேன். "சிஸ்டர், இந்தத் தையல் வகுப்பு எண்ட வரியை அப்பிடியே விடட்டோ?"

"ஏன், பிழையோ?"

"பிழை எண்டில்லை. 2009 எண்டு கிடக்கு…"

"தையல்தானே தைச்சனாங்கள்" என்று சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. வேலையும் ஓடாது, மோட்டார் சைக்கிளும் திரும்பி வரவில்லை. இருந்து கதைத்தார். அரை மணித்தியாலம் இருக்கும். அவ்வளவு நேரமும் ஒரே ஒரு சாமானைப் பற்றித்தான் கதைத்தார்: ஒரு தையல் மெஷின்.

காலால் மிதிக்கிற பழைய மெஷின். கிளிநொச்சியிலிருந்து உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். தருமபுரம், விசுவமடு. அங்கிருந்து வெளிக்கிடும்போது உழவு மெஷினில் காயப்பட்ட சனத்தை ஏற்ற வேண்டியிருந்தது. அதனால் மிதிகட்டையோடு சேர்ந்த இரும்புக் கால்களைக் கழற்றி விட்டுவிட்டு, மெஷினின் தலையை மட்டும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, பிறகு மாத்தளன்.

மாத்தளன் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும். கடற்கரை மணல். பங்கர் வெட்டினால் நிற்காது. இரண்டு பக்கமும் சரிந்து விழும், கொஞ்சம் ஆழமாகப் போனால் தண்ணீர் ஊறும். மண்மூட்டை அடுக்கினால்தான் சுவர். உரப்பை எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. அப்போதுதான் சேலைகள் வெளியே வந்தன. நாங்களும் தைத்தோம், கையூசியால். என் தங்கையின் பள்ளிக்கூடப் பாவாடைகூட மண்மூட்டையானது.

சிஸ்டர் ஒரு தறப்பாளுக்குக் கீழே மெஷின் தலையை ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்து, தையல் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் இருந்து சில்லைக் கையால் சுற்ற, தான் துணியைப் பிடித்துத் தைத்தாராம். ஒரு சேலையில் எட்டு மூட்டை வரும் என்றார். கணக்குச் சொன்னபோது டீச்சர் மாதிரியே விரலை மடக்கினார். நூல் சேலை சரிவராது, ஈரத்தில் உக்கிப்போகும், நைலெக்ஸ்தான் தாங்கும். தைக்கிற நூல் முடிந்ததும் நிவாரண மா மூட்டையின் வாயில் தைத்திருக்கும் நூலைக் கழற்றினார்களாம். "சரியான முனையைப் பிடிச்சு இழுக்கவேணும் தம்பி. அப்ப ஒரே இழுவையிலை சர்ரெண்டு வரும். மற்றப் பக்கம் பிடிச்சால் சிக்குத்தான்." அவர் கை காற்றில் அந்த நூலை இழுத்துக் காட்டியது.

சில பெண்கள் கூறைச் சேலையைக் கொண்டுவந்தார்களாம். பட்டு நல்ல பலம், தட்டிக் கழிக்கிற நேரமும் இல்லை. சிஸ்டர் ஒவ்வொரு கூறையிலும் கரையோடு ஒரு சாண் துண்டு வெட்டி, மடித்து, உரியவரின் கையில் கொடுத்துவிட்டுத்தான் மீதியைத் தைத்தாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எழும்பினார். "இதையெல்லாம் மலரிலை போடாதையும் தம்பி. ஆர் வாசிக்கப்போகினம்?" என்று சொல்லிவிட்டுப் போனார். போடவில்லை. வரி அப்படியே அச்சாகியது: தையல் வகுப்புப் பொறுப்பு, கிளிநொச்சி.

விழாவுக்கும் போனேன். அழைப்பிதழ் அடித்தவனுக்கு அழைப்பு இருக்கும்தானே. திருப்பலி அழகு, அதில் குறை சொல்ல எனக்கு அருகதையும் இல்லை. பிறகு மண்டபத்தில் கூட்டம். சிஸ்டரை நடுக் கதிரையில் இருத்தி மாலை போட்டார்கள். பொன்னாடை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. ஒரு கட்டத்தில் முகம் மட்டும்தான் தெரிந்தது. பதினொரு பேச்சு. பேசியவர்களில் பத்துப் பேர் ஆண்கள். எல்லாரும் மெழுகுதிரி தன்னை உருக்கி ஒளி தருவதைச் சொன்னார்கள். கடைசியில் ஏற்புரை. சிஸ்டர் ஒலிவாங்கிக்கு வந்தபோது நேரம் ஒன்றரை, சாப்பாடு பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். "ரெண்டு நிமிஷம் சிஸ்டர்" என்று ஒருவர் காதுக்குள் சொன்னது ஒலிவாங்கியில் எல்லாருக்கும் கேட்டது. எல்லாருக்கும் நன்றி, எனக்காகச் செபியுங்கள் என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். முழுசாக இரண்டு நிமிஷம்கூட எடுக்கவில்லை.

பொன்னாடைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏழ்மை என்ற வார்த்தைப்பாட்டின்படி அவருக்கென்று எதுவும் இல்லை. என்வலப் உட்பட எல்லாம் இல்லத்துக்குப் போய்விடும். இரண்டு கிழமை கழித்துப் போனபோது தையல் வகுப்புப் பிள்ளைகள் பொன்னாடையில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

எந்தப் பங்கு, எந்தச் சபை என்று தேடாதீர்கள். நான் கோர்த்த யூபிலி மலர்கள் அத்தனையும் கிட்டத்தட்ட இதே அச்சுத்தான்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 1975இல் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தவருக்கு 2025இல் பொன்விழா. அந்த ஐம்பது வருஷமும் எது? 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த சனம் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய காலம். 1983 ஆடிக் கலவரம். 1990இல் மறுபடி சண்டை தொடங்கி மடுக் கோயில் வளவே அகதி முகாமான காலம். அதே வருஷம் ஒக்டோபரில் முஸ்லிம் சனம் வடக்கை விட்டு விரட்டப்பட்டது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டு, அதில் பெரும்பகுதி பிறகு வன்னிக்குள் வந்து சேர்ந்தது. 1999 நவம்பரில் மடுக் கோயிலுக்குள்ளேயே ஷெல் விழுந்து தஞ்சம் புகுந்தவர்கள் செத்தது. 2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவு. அதற்குப் பிறகு 2009. அதற்குப் பிறகு, போரால் வெளியே வந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம், 2012 செப்ரெம்பர் வரை. ஒரு பொன்விழாச் சிஸ்டரின் மாற்றல் பட்டியலை இந்த வருஷங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிக்கு வரி பொருந்தும்.

வைரவிழாக்காரர் இன்னும் பழைய ஆட்கள். 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் சட்டம் போட்டு எடுத்துக்கொண்ட சூடு ஆறாத காலத்தில் சபைக்குப் போனவர்கள். திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்து நூறு வருஷமாகக் கட்டி எழுப்பியவை பல கைமாறியதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் பாடம் கேட்டவர்கள். இவர்களில் எத்தனை பேர் இன்னும் தெளிவாகக் கதைக்கக்கூடிய நிலையில் இருக்கிறார்கள்?

2008 செப்ரெம்பரை நினைத்துப் பாருங்கள். ஐ.நா. ஆட்களும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறச் சொல்லப்பட்டார்கள். போகாதீர்கள் என்று சனம் அவர்களுடைய வாசலில் நின்று கெஞ்சியது. 16ஆம் திகதி ஐ.நா. வாகனங்கள் ஏ9 வீதியால் தெற்கே போயின. பாதர்மாரிலும் சிஸ்டர்மாரிலும் பலர் போகவில்லை. கிளி பாதர் என்று நாங்கள் கூப்பிட்ட கருணாரட்ணம் அடிகளார் அதற்கு முன்னரே, அந்த வருஷம் ஏப்ரல் 20இல் கிளைமோர் கண்ணிவெடியில் போய்விட்டார். 2009 மே 18இல் வட்டுவாகலில் சனத்தோடு வந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் பிறகு காணாமல் ஆக்கப்பட்டார். அதே நாளில் சரத்ஜீவன் அடிகளார் மாரடைப்பால் இறந்தார். இந்தப் பெயர்கள் எங்களுக்குப் பாடம். படம் இருக்கிறது, நினைவுத் திருப்பலி இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நான் கேட்பது, அதே மணலில் கிடந்த சிஸ்டர்மாரில் ஒருவருடைய பெயரை உங்களில் எத்தனை பேர் யோசிக்காமல் சொல்வீர்கள்? சைவனான என்னால் மூன்று பாதர்மாரின் பெயரைச் சொல்ல முடிகிறது. மெஷின் தலையைத் தூக்கிக்கொண்டு போனவரைப் பற்றி, அவருடைய மலரையே கோர்க்கும் எனக்கு, கரண்ட் போனபடியால்தான் தெரியவந்தது.

இதைச் சொன்னால் வரும் முதல் பதில் தாழ்ச்சி. சிஸ்டர்மார் விளம்பரம் தேடமாட்டார்கள், வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது, ஆண்டவருக்குத் தெரியும். சரி, தாழ்ச்சி என்றால் 27 பக்கம் ஆசிச் செய்தி எதற்கு? மண்டப வாசலில் பத்தடி உயரப் பனர் எதற்கு? புகழ்வதற்குத் தாழ்ச்சி தடையில்லை, கேட்பதற்குத்தான் தடை என்றால் எனக்கு விளங்கவில்லை. அந்த அரை மணித்தியாலத்தில் சிஸ்டர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லவில்லை. நைலெக்ஸ் நல்லது, நூல் சேலை கூடாது என்றுதான் சொன்னார்.

இரண்டாவது பதிலைப் பலரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பயம். எழுதினால் வில்லங்கம் வரும், சபைக்கு வரும், இல்லத்தில் உள்ள பிள்ளைகளுக்கு வரும். இதை நான் பகிடியாக எடுக்கமாட்டேன். நினைவுகூரல் என்றால் யாரோ ஒருவர் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டு போகும் ஊரில் இருந்துதான் எழுதுகிறேன். ஆனால் பதிந்து வைப்பது வேறு, அச்சடிப்பது வேறு. இருபது வருஷம் திறக்கக்கூடாது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி ஆயர் இல்லத்தில் வையுங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று சிஸ்டர் தீர்மானிக்கட்டும். சொன்னபின் வெட்டச் சொன்னாலும் வெட்டலாம்.

பதிந்து வைத்தால் என்ன பயன் என்பவர்களுக்கு உங்களுடைய ஆயர் ஒருவரையே காட்டுகிறேன். 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை ஒரு கேள்வி கேட்டார்: 146,679 பேருக்கு என்ன நடந்தது? அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) கணக்கில் இருந்த சனம் 429,059. வெளியே வந்து சேர்ந்ததாக 2009 ஜூலையில் ஐ.நா. கணக்கில் இருந்தது 282,380. கழித்தார், கேட்டார். ஷெல்லுக்கு நடுவிலும் யாரோ ஒரு கிளார்க் கொப்பியில் எழுதி வைத்திருந்தபடியால்தான் கழிக்க ஒரு எண் இருந்தது. எழுதாமல் விட்டிருந்தால் ஆண்டகை எதைக் கொண்டு கேட்டிருப்பார்?

சிஸ்டர்மாரிடம் இருப்பது பாதர்மாரிடம் இல்லாத கணக்கு. பெண்கள் பக்கத்துக் கணக்கு. பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் விடுதிப் பிள்ளைகளின் தலையில் பேன் பார்த்தது எப்படி? ஜாம் போத்தல் விளக்கில் நாற்பது பிள்ளை படிக்க மண்ணெண்ணெய் எப்படிப் பங்கிட்டார்கள்? பெரிய பிள்ளைகளுக்கு மாதத் துணிக்கு என்ன செய்தார்கள்? செட்டிகுளம் முகாமில் மறைப்பில்லாத குளிக்கும் இடத்தில் சேலை பிடித்துக்கொண்டு நின்றது யார்? முகாமால் வந்தபின் புருஷனைத் தொலைத்த இளம் பெண்கள் எந்த வீட்டு விறாந்தையில் இருந்து அழுதார்கள்? இதை எந்தப் பாதரும் எழுதமாட்டார். எழுதினாலும் சரிவராது.

மடங்களில் இல்லக் குறிப்பேடு எழுதும் வழக்கம் இருப்பது எனக்குத் தெரியும். மாகாணத் தலைவிகளிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். வன்னி இல்லங்களின் குறிப்பேடுகளில் எத்தனை இடம்பெயர்வில் தப்பின? விசுவமடுவோடு, தேவிபுரத்தோடு போனவை எத்தனை? போனதைத் திருப்பி எழுதக்கூடியவர்கள் இன்றைக்கு யூபிலிக் கதிரையில் இருக்கிறார்கள். மறுநாள் காலை முதியோர் இல்லத்துக்கு மாற்றலாகிறார்கள்.

விழாக் குழுவினருக்கு என் தொழில் அனுபவத்தில் சில சொல்கிறேன். ஆசிச் செய்தியை ஐந்தோடு நிறுத்துங்கள்; இரண்டு ஆயர்கள், தலைவி, பங்குத்தந்தை, சிஸ்டரின் வீட்டார். மிச்சம் வாழ்த்த விரும்புபவர்கள் விளம்பரமாகப் போடட்டும், காசும் வரும். மிஞ்சும் இருபது பக்கத்தைச் சிஸ்டருக்குக் கொடுங்கள். அவரிடம் "எழுதித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். ஒற்றைத் தாள்தான் வரும். அவரிடம் படித்த பெண் ஒருத்தியை அனுப்புங்கள், கைத்தொலைபேசியில் பதிவு போட்டுவிட்டு மேசையில் கவிழ்த்து வைக்கட்டும். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் சிஸ்டர்" என்று தொடங்கினால் "எல்லாம் இறை சித்தம்" என்று முடித்துவிடுவார். "சுதந்திரபுரத்திலை எத்தனை பேருக்குக் கஞ்சி வைச்சனீங்கள், எந்தக் கிடாரத்திலை?" என்று கேட்டுப் பாருங்கள். கிடாரத்திலிருந்து கதை வரும். மாற்றல் பட்டியலை முன்னால் வைத்து, ஒரு வரிக்கு ஒரு நாள் என்று போனாலும் தகும்.

விழாவன்று சிஸ்டரை முதலில் பேச விடுங்கள். பேச்சாளர்கள் பிறகு வரட்டும். சாப்பாடு ஆறினால் ஆறட்டும்.

ஆயர்களே, வன்னியை உங்கள் இரண்டு மறைமாவட்டங்களும் பங்கிட்டு வைத்திருக்கின்றன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரு பக்கம், வவுனியாவும் மன்னார்ப் பெருநிலமும் மறுபக்கம். சிஸ்டர்மாரின் மாற்றல் அந்த எல்லையைப் பார்க்கவில்லை. ஆகவே பதிவுகள் சேரும் இடம் ஒன்றாக இருந்தால் நல்லது. பெப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாளன்று அர்ப்பண வாழ்வினரின் நாள் என்று 1997 முதல் கொண்டாடுகிறீர்கள். வருஷா வருஷம் அன்றைக்குக் கேக் வெட்டுவதோடு, அந்த வருஷம் பதிந்த குரல்களில் ஒன்றையாவது கோயிலில் போட்டுக் கேட்கச் செய்யலாம். பிரசங்கம் ஒரு நாள் குறைந்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள் என்பது என் ஊகம்.

இந்த மடலை எழுத முன் அந்தச் சிஸ்டரிடம் போனேன். மலரில் வேண்டாம் என்றவரின் கதையை அவர் உத்தரவில்லாமல் எழுதுவது முறையில்லை. தோட்டத்தில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். குழாயைக் கீழே போட்டுவிட்டு யோசித்தார்.

"பேர் வேண்டாம். சபை வேண்டாம். மெஷினைப் பற்றி எழுதும்."

"மெஷின் இப்ப எங்கை சிஸ்டர்?"

"அது முள்ளிவாய்க்காலிலை விட்டிட்டம். கடைசி நாளிலை ஒரு பிள்ளையைத் தூக்கவேண்டி வந்திட்டுது."

அந்தப் பிள்ளை யார், இப்போது எங்கே என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

என் பங்குக்கு ஒன்று. ஒரு மணித்தியாலப் பேச்சைக் கேட்டு அடிக்க எனக்கு ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும். ஒவ்வொரு யூபிலிக்கும் ஒரு சிஸ்டரின் பதிவைக் காசு வாங்காமல் அடித்துத் தருகிறேன், பிழை திருத்தியும் தருகிறேன்.

மேசையில் இப்போது ஒரு வைரவிழா மலர் கிடக்கிறது. இரண்டு சிஸ்டர்மாருக்குச் சேர்த்து ஒரே மலர். ஆசிச் செய்திகள் 22 வந்துவிட்டன, இன்னும் வருமாம். வாழ்க்கைக் குறிப்புகள் இரண்டும் இன்னும் வரவில்லை. தாளில் எழுதி அனுப்ப வேண்டாம் என்று குழுச் செயலாளருக்குச் சொல்லியிருக்கிறேன். அச்சுக்குப் போக ஐந்து கிழமை இருக்கிறது. 9ஆம் பக்கத்திலிருந்து 28ஆம் பக்கம் வரை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மலர்களுக்குப் பக்கம் கோர்ப்பவன்,
கிளிநொச்சி